சுவருக்கு ஒரு ஜக்கெட்: ரொறன்ரோ மாடிகளின் ஐம்பது வருடக் கதை

ரொறன்ரோவுக்குப் போன எங்கட ஆக்களிட முதல் விலாசத்தை எடுத்துப் பார்த்தால், அதில் அநேகமாக ஒரு அப்பார்ட்மென்ட் இலக்கம் இருக்கும். 809, 1204, 1710 என்று. முன்னால் இருப்பது மாடி, பின்னால் இருப்பது கதவு. அங்கே புதிதாகப் போனவரிடம் ஊர்ப் பெயருக்கு அடுத்ததாகக் கேட்கப்படும் கேள்வி, "எந்த பில்டிங்?"

அந்தக் கட்டடங்களை நாங்கள் நேரில் பார்க்காவிட்டாலும் படங்களில் பார்த்திருக்கிறோம். பழுப்புச் செங்கல், நீளமான பல்கணி, கீழே கார் நிற்கிற இடம், சுற்றிவர வெள்ளைப் பனி. பிறந்தநாள் படம் என்றாலும் சாமத்தியவீட்டு அல்பம் என்றாலும் அவை பின்னணியில்தான் நிற்கும். இந்தக் கட்டுரை அந்தப் பின்னணியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கட்டடங்களின் வெளிச்சுவரைப் பற்றியது.

சுவருக்கு என்ன வரலாறு என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெய் விலை, நகரத் திட்டம், அகதிகளின் வருகை, வாடகைச் சட்டம் எல்லாம் அந்தச் சுவரில் வந்து முட்டுகின்றன. பழைய கட்டடம் ஒன்றின் வெளித்தோலைத் திருத்தி, உள்ளே இருக்கிற சூடு வெளியில் போகாமல் மறிப்பது எப்படி என்பது உலகத்துக்கு அரை நூற்றாண்டாகத் தெரியும். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது, உள்ளே குடியிருக்கிறவரிடம் யாராவது கேட்டார்களா என்பதில்தான் கதை இன்னும் முடியாமல் கிடக்கிறது.

எரிபொருள் மலிவாக இருந்த காலம்

1954 இல் ரொறன்ரோவையும் அதைச் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்து 13 உள்ளூராட்சிகள் 'மெட்ரோ ரொறன்ரோ' என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. போர் முடிந்து சனத்தொகை வேகமாகக் கூடிய காலம். இத்தாலி, கிரேக்கம், போர்த்துக்கல் என்று பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க நகரங்களின் புறநகர் என்றால் தனித்தனி வீடும் புல்வெளியும்தான். ரொறன்ரோ அதில் ஒரு வித்தியாசம் செய்தது. புறநகரிலேயே உயரமான மாடிகளைக் கூட்டங்கூட்டமாகக் கட்டுவதற்கு இடம் ஒதுக்கியது. பிளெமிங்டன் பார்க், தோர்ன்கிளிஃப் பார்க் என்று ஒவ்வொன்றாக எழும்பின. வயல் கிடந்த இடத்தில், பெருந்தெருவுக்குப் பக்கத்தில், திடீரென்று இருபது மாடி.

நகரத்தின் நடுவிலும் இதே வேலை நடந்தது. 1960களில் பழைய வீடுகளை இடித்துவிட்டு சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகளைக் கட்டினார்கள். எஸ்தோனியாவில் பிறந்து கனடாவுக்கு வந்த ஊனோ பிரீ என்ற கட்டடக் கலைஞர், நகரத்தின் பல பகுதிகளிலும் வளைந்த முகப்புள்ள மாடிகளை வரைந்து தள்ளினார். 1950களின் கடைசி தொடக்கம் 1970கள் வரைக்கும் எழும்பிய, எட்டு மாடிக்குக் குறையாத வாடகைக் கட்டடங்கள் மட்டும் இன்றைக்கு ரொறன்ரோவில் சுமார் 1,200 நிற்கின்றன.

இவ்வளவு வேகமாகக் கட்ட ஒரு உத்தி உதவியது. ஒரு மாடியின் தட்டைக் கொங்கிறீட்டில் வார்த்து, அது இறுகியதும் அடியில் இருந்த அச்சை முழுசாகக் கிரேனால் வெளியே இழுத்து அடுத்த மாடிக்குத் தூக்கி வைப்பார்கள். சாப்பாட்டு மேசையை அப்படியே மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. 'பறக்கும் அச்சு' என்று அதற்குப் பெயர். கீழ்மாடி எப்படியோ அப்படியே மேல்மாடியும். வரைபடமும் ஒன்று, செலவும் குறைவு.

முதலில் இவை ஏழைகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வேலைக்குப் போகும் இளைஞர்கள், புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள், சின்னப் பிள்ளைகளோடு இருந்த நடுத்தரக் குடும்பங்கள், இவர்களுக்காகத்தான் கட்டினார்கள். பலவற்றில் நீச்சல் தடாகமும் இருந்தது. எண்ணெயும் வாயுவும் மலிவு. குளிருதா, கொதிகலனைக் கொஞ்சம் கூட்டிவிடு. சுவரைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் வரவில்லை.

சுவருக்குள் என்ன இருக்கிறது

வெக்கையை வெளியே நிறுத்துவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இருந்து பாருங்கள், பிறகு கிடுகுக் கூரைக்குக் கீழே இருந்து பாருங்கள். தகரம் சூட்டை அப்படியே உள்ளே கடத்தும். கிடுகின் இடைவெளிகளில் காற்று சிறைப்பட்டுக் கிடப்பதால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். குளிர்நாட்டில் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை உள்ளே மறிக்க வேண்டும். அதற்கு வைப்பதுதான் வெப்பக்காப்பு. நுரையோ பஞ்சோ, காற்றை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று.

அந்தக் கால மாடிகளில் அது மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. கொங்கிறீட் சட்டகம், நடுவில் செங்கல், உள்ளே பூச்சு, அவ்வளவுதான். யன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும். இவற்றோடு இன்னொரு பெரிய ஓட்டை, பல்கணி. அறையின் நிலமாக இருக்கும் அதே கொங்கிறீட் தட்டுத்தான் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு பல்கணியாகிறது. கொதிக்கிற குழம்புக்குள் எவர்சில்வர் கரண்டியை விட்டால் கொஞ்ச நேரத்தில் பிடி சுடும் தானே? அதேபோல வீட்டுக்குள் இருக்கும் சூடு அந்தத் தட்டு வழியாக வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். இருபது மாடி என்றால் இருபது வரிசைக் கரண்டி.

சூடாக்குவது கட்டடம் முழுவதற்கும் பொதுவான கொதிகலன். சுடுதண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டின் ஹீற்றருக்கும் போகும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். ஆனால் வீட்டுக்கு வீடு கூட்டிக் குறைக்கிற வசதி பல கட்டடங்களில் கிடையாது. வடக்குப் பக்க மூலை வீடு 21 ஐத் தொடுவதற்காக மூட்டுகிற கொதிகலன், நடுவில் இருக்கிற தெற்குப் பக்க வீட்டை அவித்துவிடும். "இஞ்ச வின்ரரிலையும் யன்னலைத் திறந்துதான் வைக்கிறனாங்கள்" என்று அங்கிருந்து பேசும் மாமாமார் சொல்வது பகிடி இல்லை. ஒரே கட்டடத்தில் ஒருவர் போர்வைக்குள் நடுங்க, இன்னொருவர் யன்னலைத் திறந்து தெருவைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்.

காற்றோட்டமும் அப்படித்தான். பொதுவாக இந்த மாடிகளில் புதுக் காற்றை நடைபாதைக்குள் தள்ளுவார்கள். அது ஒவ்வொரு வீட்டுக் கதவின் கீழ் இடைவெளியால் உள்ளே போக வேண்டும் என்பது திட்டம். இதனால் ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் அந்த மாடி முழுக்கத் தெரியும். போதாத காற்றும் குளிர்ந்த சுவரும் சேர்ந்தால் நீராவி சுவரில் படிந்து கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். குழந்தையின் இழுப்பும் பாட்டியின் இருமலும் இந்தச் சுவர்க் கதையின் பகுதிதான்.

1973: எண்ணெய் விலை சுவரைத் தட்டியது

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் போர். அரபு எண்ணெய் நாடுகள் விநியோகத்தை வெட்டின. பீப்பாய் ஒன்று சுமார் 3 டொலராக இருந்தது, சில மாதங்களில் ஏறக்குறைய 12 டொலராகியது. மேற்கு ஜேர்மனியில் அந்த நவம்பர், டிசம்பரில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டவே தடை. வெறிச்சோடிய பெருந்தெருவில் ஆட்கள் நடந்து போனார்கள்.

அந்த அதிர்ச்சியில்தான் அரசுகள் முதன்முறையாகச் சுவரைத் திரும்பிப் பார்த்தன. மேற்கு ஜேர்மனி 1976 இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் கொண்டுவந்தது, 1977 இல் புதுக் கட்டடங்களுக்கு வெப்பக்காப்பு விதி நடைமுறைக்கு வந்தது. சுவருக்கு வெளியே நுரைப்பலகையை ஒட்டி, அதன் மேல் வலை வைத்துப் பூசும் முறை அங்கே 1950களின் கடைசியிலேயே தொடங்கியிருந்தது. இப்போது அதற்குச் சந்தை வந்தது. ஜேர்மனிகள் இரண்டும் 1990 இல் ஒன்றான பிறகு, கிழக்கில் இருந்த கொங்கிறீட் தொடர்மாடிகளில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இந்த ஜக்கெட் போடப்பட்டது.

ஏன் உள்ளே போடாமல் வெளியே போட வேண்டும்? வெளியே போட்டால் சுவர், தட்டின் விளிம்பு, மூலை எல்லாம் ஒரே போர்வைக்குள் வந்துவிடும். கொங்கிறீட் முழுவதும் சூடான பக்கத்தில் நிற்பதால் சூட்டைச் சேமித்து வைத்திருந்து மெதுவாகத் தரும். அறையின் அகலமும் குறையாது. இவற்றோடு இன்னொன்று, ஆட்கள் உள்ளே குடியிருக்கும்போதே வெளியே சாரம் கட்டி வேலை செய்யலாம். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

கனடாவிலும் அசைவு இருந்தது. மத்திய அரசு 1977 இல் வீடுகளுக்கு வெப்பக்காப்புப் போட மானியம் கொடுக்கத் தொடங்கியது. அவசரத்தில் பல வீட்டுச் சுவர்களுக்குள் யூரியா ஃபோமல்டிஹைட் நுரையைக் குழாயால் அடித்தார்கள். அதிலிருந்து வந்த வாயு கண்ணையும் மூச்சையும் எரித்தது. 1980 டிசம்பரில் அதே அரசே அந்த நுரையைத் தடைசெய்தது. மானியத்தை நம்பிச் சுவரை நிரப்பியவர்கள், பிறகு அதைத் தோண்டி எடுக்கச் செலவழித்தார்கள். உள்ளே மூச்சு விடுகிறவரை மறந்துவிட்டுச் சேமிப்பை மட்டும் எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு முன்னெச்சரிக்கை.

இந்தக் காலம் முழுக்க உயர்ந்த வாடகை மாடிகள் பெரும்பாலும் அப்படியே நின்றன.

குடியிருந்தவர்கள் மாறினார்கள்

1970களுக்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்கள் மெல்ல மெல்லச் சொந்த வீடு வாங்கி வெளியேறின. கட்டடங்கள் கிழடாகத் தொடங்கிய அதே நேரத்தில்தான் புதிய ஆட்கள் உள்ளே வந்தார்கள். கரீபியன் தீவுகள், வியட்நாம், சோமாலியா, பிலிப்பைன்ஸ், இலங்கை.

1983 ஜூலைக்குப் பிறகு எங்கட சனம் போன வழி உங்களுக்குத் தெரியும். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 150 இற்கும் மேற்பட்ட தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த பலருக்கு சென் ஜேம்ஸ் ரவுணும் அதைச் சுற்றியிருந்த வெலஸ்லி, பார்லிமென்ட் தெருக்களும்தான் முதல் தரிப்பிடம். பிறகு ஸ்காபரோ. இரண்டு அறைக்குள் இரண்டு குடும்பம், ஒரே சமையலறை, ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹோலில் ஒரு பாய். முதலாவது சீட்டு, முதலாவது ஊர்ச்சங்கக் கூட்டம், முதலாவது கலியாணப் பேச்சு, எல்லாமே அந்தச் சுவர்களுக்குள்தான் நடந்தன. வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த காசில் கொஞ்சம் அந்த வாடகையில் மிச்சம் பிடித்தது.

ஆகவே கட்டடத்தின் வயதும் உள்ளே இருந்தவர்களின் வறுமையும் ஒரே இடத்தில் குவிந்தன. 'யுனைட்டட் வே' என்ற அமைப்பு 2004 இலும் 2011 இலும் ரொறன்ரோ வறுமை பற்றி அறிக்கைகள் வெளியிட்டது. இரண்டாவதன் பெயர் 'செங்குத்து வறுமை'. உயர்ந்த வாடகை மாடிகளில் வறுமை அடுக்கடுக்காகச் சேர்வதை அது காட்டியது. பழுதடைந்த லிப்ட், பூச்சித் தொல்லை, பூஞ்சணம் என்று ஆட்கள் முறைப்பட்டார்கள். 2018 ஓகஸ்டில் சென் ஜேம்ஸ் ரவுணின் பார்லிமென்ட் தெருக் கட்டடம் ஒன்றில் மின்சாரத் தீ. 1,500 பேரளவில் வெளியேறினார்கள். திரும்பி வர ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுத்தது. கிழட்டுக் கட்டடம் ஒன்றைத் திருத்தாமல் விட்டால் ஆட்கள் எவ்வளவு காலம் வீடில்லாமல் நிற்க வேண்டி வரும் என்பதை அது காட்டியது.

இடிக்கவா, உடுத்தவா?

பல நகரங்களில் இந்த வகைக் கட்டடங்களை வெடி வைத்து இடித்தார்கள். ரொறன்ரோவில் சில இளம் கட்டடக் கலைஞர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். அவர்களில் கிரேம் ஸ்டூவர்ட் முக்கியமானவர். ஐரோப்பாவில் இப்படியான மாடிகளைத் திருத்திய விதத்தைப் படித்துவிட்டு, எங்கட நகரத்திலும் இது முடியும் என்று பல்கலைக்கழக ஆய்வாகவே எழுதினார். ஒரு மாணவனின் ஆய்வு நகரத் திட்டமாக வளர்ந்தது எங்களுக்குக் கொஞ்சம் உற்சாகம் தரும் செய்திதான். டேவிட் மில்லர் மேயராக இருந்த 2008 இல் மாநகரசபை 'மாடிப் புதுப்பிப்பு' என்ற திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

காரணம் இலகுவானது. ரொறன்ரோவின் பசுமைஇல்ல வாயுவில் பாதிக்கும் மேல் கட்டடங்களிலிருந்து வருகிறது, அதிலும் சூடாக்க எரிக்கும் வாயுதான் பெரிய பங்கு. இடித்துக் கட்டினால் புதிதாக வார்க்கும் கொங்கிறீட்டுக்கு இன்னொரு கரிக் கணக்கு எழுத வேண்டும், வாடகைக்காரர் தெருவுக்கு வருவார். உடுத்தினால் சட்டகம் நிற்கும், ஆட்களும் நிற்பார்கள். வெளிச்சுவருக்கு மேல் ஜக்கெட், இரட்டைக் கண்ணாடி யன்னல், வீட்டுக்கு வீடு காற்றோட்டம், கீழே வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் கடை, தோட்டம் என்று திட்டம் விரிந்தது. 2014 தொடக்கம் நகரம் கட்டடச் சொந்தக்காரருக்குக் கடனும் கொடுத்தது, அதைச் சொத்துவரியோடு சேர்த்து மெதுவாகத் திருப்பிக் கட்டலாம்.

ஆனால் 1,200 கட்டடத்துக்கு முன்னால் வேலை எறும்பு ஊர்கிற மாதிரித்தான் நடந்தது. வாயுவும் மலிவு, சொந்தக்காரருக்கு அவசரமும் இல்லை. கொதிகலனை மாற்றுவது, மின்குமிழை மாற்றுவது மாதிரிச் சின்ன வேலைகள் லாபத்தைச் சீக்கிரம் தரும். வெளிச்சுவர் வேலை பெரிய முதல், திரும்பி வர நீண்ட காலம்.

பில் யாருக்கு?

இந்த இடத்தில்தான் கதை சிக்கலாகிறது. கட்டடம் ஒருவருடையது, குளிரும் வெக்கையும் இன்னொருவருக்கு. வாயு பில்லைச் சொந்தக்காரர் கட்டினால் வாடகைக்காரர் சேமித்தும் அவருக்கு ஒன்றும் வராது. வாடகைக்காரர் கட்டினால் சொந்தக்காரருக்குச் சுவரைத் திருத்தத் தேவையே இல்லை.

ஒன்ராறியோவில் வருடா வருடம் வாடகை எவ்வளவு கூட்டலாம் என்று மாகாண அரசு ஒரு வீதம் சொல்லும். பெரிய திருத்தவேலை செய்தால் அதற்கு மேலேயும் கூட்ட அனுமதி கேட்கலாம். வருடத்துக்கு 3 வீதம் வரை, மூன்று வருடத்துக்கு. எரிசக்தியைச் சேமிக்கும் வேலையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நோக்கம் நல்லதுதான், காசு போட்டவருக்கு அது திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் போட மாட்டார்கள். ஆனால் வரவை ஏற்கெனவே எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அந்த மூன்றும் மூன்றும் மூன்றும், வழமையான கூட்டலோடு சேர்ந்து, வீட்டை விட்டுப் போகும் கடிதமாகவே வந்து சேரும்.

2017 மே மாதம் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் சில நூறு வாடகைக்காரர்கள் இப்படியான கூட்டலுக்கு எதிராக வாடகை கட்டாமல் நிறுத்தினார்கள். அங்கே திபெத்தியர் உட்படப் பல நாட்டுக் குடிவரவாளர்கள் இருந்தார்கள். 'இவ்வளவு காலமும் திருத்தாமல் விட்டுவிட்டு, திருத்தினதுக்குக் காசும் எங்களிட்டையா?' என்பதுதான் அவர்களின் வாதத்தின் சாரம். மூன்று மாதத்துக்குப் பிறகு சொந்தக்காரர் இறங்கி வந்தார், கூட்டல் குறைந்தது.

ஜேர்மனியிலும் இதே சண்டை நடந்தது. அங்கே புதுப்பிப்புச் செலவின் 11 வீதத்தை வருட வாடகையில் ஏற்றச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. செலவு அறவிட்டு முடிந்த பிறகும் அந்தக் கூட்டல் இறங்காது. பேர்லினில் வெப்பக்காப்பு என்ற சொல்லைக் கேட்டாலே வாடகைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும் நிலை வந்தது. 2019 இல் அந்த வீதத்தை 8 ஆகக் குறைத்தார்கள். சூழலைக் காக்கும் வேலையும் ஏழையின் வீட்டைக் காக்கும் வேலையும் ஒன்றோடொன்று மோதும்படி ஒரு சட்டம் எழுதப்பட்டால், குற்றம் சுவரில் இல்லை, சட்டத்தில்.

லண்டன், 2017

காசைவிடப் பெரிய விலை ஒன்றும் உண்டு. அதை லண்டனில் கட்டினார்கள்.

கிரென்ஃபெல் கோபுரம் 1974 இல் முடிந்த 24 மாடிக் கட்டடம், ரொறன்ரோ மாடிகளின் வயதுதான். வெறும் கொங்கிறீட் முகப்பு. 2016 இல் முடிந்த புதுப்பிப்பில் அதற்கு வெப்பக்காப்பும் அதன் மேல் பளபளப்பான அலுமினியத் தகடும் போட்டார்கள். காப்பாக வைத்தது பெரும்பாலும் எரியக்கூடிய நுரை. தகட்டின் நடுவிலோ பொலித்தீன். முதலில் நினைத்த துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாக இதைப் போட்டதில் மிச்சம் பிடித்தது ஏறக்குறைய 293,000 பவுண்.

2017 ஜூன் 14 அதிகாலை நான்காம் மாடி வீடு ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ தொடங்கியது. யன்னல் வழியாக அந்தப் புது ஜக்கெட்டைப் பிடித்து மேலே ஏறியது. அரை மணித்தியாலத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டது. படிக்கட்டு ஒன்றே ஒன்று. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்ற அறிவுரையை நம்பி இருந்தவர்கள் பலர். 72 பேர் இறந்தார்கள். மொறோக்கோ, எரித்திரியா, எதியோப்பியா, சிரியா என்று எங்கெங்கோ இருந்து வந்து அங்கே வீடு கண்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றிக் குடியிருப்பாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். தொந்தரவு தருகிறவர்கள் என்றுதான் அவர்கள் பார்க்கப்பட்டார்கள். 2024 செப்டெம்பரில் வெளிவந்த விசாரணையின் இறுதி அறிக்கை, அந்த மரணங்கள் எல்லாமே தவிர்த்திருக்கக்கூடியவை என்ற முடிவுக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு வெப்பக்காப்பே வேண்டாம் என்று சொல்வது பிழை. கல்லை உருக்கி நூலாக்கிச் செய்யும் காப்புப் பஞ்சு இருக்கிறது, அது எரியாது. 2018 முடிவில் இங்கிலாந்து, 18 மீற்றருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களைத் தடைசெய்தது. எரியாத பொருளும் இருந்தது, முறையிட்ட ஆட்களும் இருந்தார்கள். இரண்டையும் தள்ளி வைத்த முடிவுதான் கொன்றது.

ஒரு விறாந்தையும் ஒரு கோபுரமும்

அதே 2017 அளவில் பிரான்சின் போர்தோ நகரத்தில் இன்னொரு புதுப்பிப்பு முடிந்தது. 1960களில் கட்டிய மூன்று சமூக வீடமைப்புக் கட்டடங்கள், 530 வீடு. அன் லக்கத்தோன், ஜோன்-ஃபிலிப் வசால் என்ற இருவரும் வேறு சில கலைஞர்களும் சேர்ந்து பழைய முகப்பின் யன்னலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் 3.8 மீற்றர் அகலத்தில் கண்ணாடியால் மூடித் திறக்கக்கூடிய ஒரு விறாந்தையையும் பல்கணியையும் சேர்த்தார்கள். விறாந்தை என்ற சொல்லை நாங்கள் வேண்டுமென்றே போடுகிறோம். வெயிலுக்கும் அறைக்கும் நடுவில் விறாந்தை நிற்பதால்தான் எங்கட பழைய வீடுகள் குளிர்ந்திருந்தன. அங்கே அது குளிருக்கும் அறைக்கும் நடுவில் நிற்கிறது, சூரியச் சூட்டையும் பிடித்து வைக்கிறது. வேலை நடக்கும்போதும் குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். வெளியே செய்யும் வேலை என்றால் ஆட்களை எழுப்பத் தேவையில்லை என்று முன்பு சொன்னோமே, அதன் முழுப் பொருள் இதுதான். வீடு பெருத்தது, வாடகை கூடவில்லை. 2021 இல் அந்த இருவருக்கும் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது.

ரொறன்ரோவுக்கு அருகில் ஹமில்ரன் நகரத்தில் கென் சோபல் கோபுரம் இருக்கிறது. 1967 இல் கட்டியது, 18 மாடி, 146 வீடு, நகரசபையின் சொத்து. பூஞ்சணமும் உடைவுமாக, வெறுமையாகும் நிலைக்கு வந்த கட்டடம். விற்பதா இடிப்பதா என்ற பேச்சுக்கு நடுவில் அதைத் திருத்த முடிவெடுத்தார்கள். கிரேம் ஸ்டூவர்ட்டின் நிறுவனம்தான் வரைந்தது. எரியாத காப்புப் பஞ்சால் தடித்த ஜக்கெட், மூன்று கண்ணாடி யன்னல், ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே புதுக் காற்று. 2021 இல் வேலை முடிந்தபோது கட்டடத்தின் பசுமைஇல்ல வாயு வெளியீடு 94 வீதத்தால் குறையும் என்று கணக்கிட்டிருந்தார்கள். கோடை வெக்கை கூடிவரும் காலத்தில் முதியவர்கள் உள்ளே பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே வரைந்தார்கள். போட்டது பொதுக் காசு, இருப்பது குறைந்த வாடகையில் முதியவர்கள்.

இந்த இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கட்டடம் பொதுச்சொத்து, பில் குடியிருப்பாளரின் தலையில் ஏறவில்லை. ரொறன்ரோவின் பெரும்பாலான மாடிகள் தனியார் கையில் இருக்கின்றன. அங்கே பொதுக் காசு போவதென்றால், வாடகை கூட்டக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. சுவரைத் திருத்துவதன் பலன் முழு நகரத்துக்கும், ஏன், முழு உலகத்துக்கும் போகிறது. செலவை மட்டும் 1204 ஆம் கதவுக்குப் பின்னால் இருக்கிறவரிடம் கேட்பது என்ன நியாயம்?

இன்றைக்கும் அந்த மாடிகளில் எங்கட சித்தப்பாமாரும் பெரியம்மாமாரும் இருக்கிறார்கள். முக்கியமாகச் சொந்த வீடு வாங்க முடியாமல் போனவர்களும் வயதானவர்களும். கட்டடத்தில் வேலை தொடங்க முன்னம் அவர்களின் கதவில் ஒரு நோட்டீஸ் வரும், ஆங்கிலத்தில், சட்ட மொழியில். வாடகை கூட்டக் கேட்டால் அதற்கு ஒரு விசாரணை நடக்கும், அங்கே வாடகைக்காரர் எதிர்த்துப் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. வீடியோ கோலில் "சாப்பிட்டாச்சோ, சினோ கொட்டுதோ" என்று கேட்கிற நாங்கள், "பில்டிங்கில ஏதும் வேலை நடக்குதோ, கடிதம் ஏதும் வந்ததோ, படம் எடுத்து அனுப்புங்கோ பாப்பம்" என்றும் கேட்கலாம். வாசித்துச் சொல்ல எங்களால் முடியும். என்ன பொருளால் சுவரை மூடப் போகிறார்கள், வாடகை கூடுமா, வேலை நடக்கும்போது எங்கே இருப்பது என்ற மூன்று கேள்வியையும் தமிழில் எழுதிக் கொடுக்கவும் முடியும்.